சத்தம் போடாத ஃபேன்

நவம்பர் 25, செவ்வாய்

வின்பிரட் இன்று என் வீட்டுக்கு வந்தான். வரவைத்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். ஆனால் வரவைத்தது நான் அல்ல, ஒரு ஃபேன்.

கேட்டில் நின்றுகொண்டு "மைனி, மைனி" என்று என் மனைவியைக் கூப்பிட்டான். வீட்டுக்காரன் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஹெப்சி ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி ஓடினாள்.

"அண்ணாச்சி இருக்காவளா?"

"உள்ளதான் இருக்காவ. வாங்க தம்பி, ஏன் வெளியிலயே நிக்கிய?"

வந்து உட்கார்ந்தான். கறுப்புப் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து மேஜைமேல் வைத்தான். அவன் மகன் கல்லூரியில் கேம் விளையாட வாங்கிய சாதனம். மூடியில் பல்லைக் காட்டும் ஓநாய் முகம். திறந்தால் விசைகளுக்கு அடியில் சிவப்பு விளக்கு எரியும். மே மாதத்திலிருந்து எங்கள் கோயிலில் ஆர்கன் வாசிப்பது இதுதான். கீபோர்டை இதில் செருகினால், எந்த நாட்டு ஆர்கன் வேண்டுமோ அந்த நாட்டு ஓசை வரும். அதற்கு முன்பு பத்தொன்பது வருடம் அந்த இடத்தில் உட்கார்ந்து வாசித்தவன் நான். பாடகர் குழுவை நடத்தியவனும் நான். ஈஸ்டர் ஆராதனையில் ஒரு பாட்டைப் பாதியில் நிறுத்தித் திருத்தினேன் என்பதற்காகச் போதகர் ஐயர் தலைமையில் சபையின் சேகரக் கமிட்டி கூடி என்னை எடுத்துவிட்டு இவனை வைத்தது. இவன் துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்ட். சரக்கை இறக்கத் தெரியும்.

"ஃபேன் கெடந்து கத்துது அண்ணாச்சி. மூஞ்சியும் ஓநாய், சத்தமும் ஓநாய். போன ஞாயித்துக்கிழமை மௌன ஜெபத்துல ஊளை போட்டுட்டு. ஐயரே கண்ணத் தொறந்து பாத்துட்டாவ. பிள்ளைகள்லாம் சிரிப்பு."

நான் சிரிக்கவில்லை.

"இருபத்தொண்ணாம் தேதி கேரல் சர்வீஸ். யூடியூப்ல வேற போடுதோம். கடையில குடுத்தா ரெண்டு வாரம் ஆகும்ங்கான். மைனிதான் சொன்னாவ, அண்ணாச்சி கை பட்டா சரியாயிரும்னு."

மைனிதான் சொன்னாவ. மறக்காமல் இருக்க இன்னொரு முறை எழுதுகிறேன்.

"வச்சிட்டுப் போ" என்றேன்.

நவம்பர் 26, புதன்

எந்த இயந்திரத்தையும் திறப்பதற்கு முன்னால் கேட்க வேண்டும். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் மாணவர்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிக் கொடுப்பேன். ஒருவனும் கேட்டதில்லை.

ஃபேன் சத்தம் எல்லாம் ஒன்றல்ல. காற்று முட்டி மோதும் இரைச்சல் வேறு. பேரிங் என்கிற தாங்கி உலர்ந்து தேய்கிற கரகரப்பு வேறு. இறக்கை எதிலோ தட்டுகிற 'டிக் டிக்' வேறு. ஸ்க்ரூ டிரைவரின் நுனியை அடிப்பாகத்தில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன். இடது ஃபேனில் லேசான கரகரப்பு. வலதில் ஒன்றும் இல்லை. ஆர்கனை ஒரு மணி நேரம் ஓடவிட்டேன். இரைச்சல் எழுந்தது, ஆனால் ஊளை இல்லை. கோயிலில் ஊளையிடுவது என் மேஜையில் ஏன் ஊளையிடவில்லை?

ஹெப்சி இரண்டு முறை எட்டிப் பார்த்தாள். "சரியாயிருமா?" என்றாள். பார்க்கிறேன் என்றேன்.

நவம்பர் 29, சனி

திறந்தேன். தூத்துக்குடியில் எதையும் திறப்பது எளிதல்ல. உப்புக்காற்று திருகுகளைப் பிடித்து வைத்திருக்கும். ஒன்றின் தலை மழுங்கிவிட்டது. பொறுமையாக எடுத்தேன்.

உள்ளே சாம்பல் நிறத் தூசியை எதிர்பார்த்தேன். இருந்தது. ஆனால் வெப்பத்தை வெளியேற்றும் தகடுகளின் இடுக்கில் அடைத்துக்கொண்டிருந்தது அது அல்ல. வெள்ளையாக, பஞ்சுபோல், மெத்தென்று ஒரு திண்டு. இடுக்கியால் பிடித்து இழுத்தால் இழை இழையாக வந்தது. பருத்தி நூல். கோயிலில் ஆர்கனுக்குப் பக்கத்தில் பருத்தி எங்கிருந்து வந்தது?

தகடுகளைப் பிரஷ்ஷால் சுத்தம் செய்தேன். இறக்கைகளை ஒவ்வொன்றாகத் துடைத்தேன். இடது தாங்கியில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. காய்ந்து பொருக்காகிவிட்ட, சூடு கடத்தும் பழைய பசையைச் சுரண்டி, சிப்பின்மேல் புதுப் பசை தடவினேன். மூடி ஓடவிட்டேன். மேஜையில் காதை வைத்தால்தான் ஓடுவது தெரிகிறது.

எதிரியின் பொருள் என்பதற்காக அரைகுறையாக வேலை செய்பவன் அல்ல நான். இதையும் பதிவு செய்துகொள்கிறேன்.

நவம்பர் 30, ஞாயிறு

கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். ஏப்ரலிலிருந்து அதுதான் என் இடம்.

ஆராதனை முடிந்ததும் மெதுவாக முன்னால் போனேன். லேப்டாப் வைக்கிற மேஜையில் வெள்ளைத் துணி ஒன்றை மடித்து வைத்திருந்தார்கள். விரித்துப் பார்த்தேன். க்ரோஷா பின்னல். நடுவில் சிலுவை, நான்கு ஓரமும் லேஸ், உள்ளே லைனிங். அதோடு பஞ்சு வைத்துத் தைத்த ஒரு விரிப்பும் இருந்தது. கமிட்டிச் செயலர் பொன்னுத்துரை பக்கத்தில் வந்து நின்றார்.

"என்ன சார், பூப்போட்ட துணியப் பாக்கிய?"

"எதுக்கு இது?"

"அந்த ஓநாய் மூஞ்சியும் செவப்பு லைட்டும் ஆல்டர் பக்கத்துல நரகம் மாதிரில்லா இருக்கு. அதான் உறை. கீழ வழுக்காம இருக்க மெத்தை. மேல முழுசா மூடிருவோம், கீபோர்டு வயர் மட்டும் வெளிய வரும். பெண்கள் சங்கக் கூட்டத்துல உக்காந்து உங்க வீட்டம்மாதான் பின்னுனாவ. ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியும் என்றேன்.

தெரியாது. மூன்று மாதமாவது பின்னியிருப்பாள். என் மேஜைக்கு ஒரு விரிப்பு கேட்டு இரண்டு வருடம் ஆகிறது.

நோய் தெரிந்துவிட்டது. அந்த லேப்டாப் அடிப்பக்கம் காற்றை இழுத்துப் பின்பக்கமும் பக்கவாட்டிலும் வெளியே விடுகிறது. அடியில் மெத்தை, மேலே உறை. மூக்கையும் வாயையும் பொத்திவிட்டு, ஏன் திணறுகிறது என்று கேட்கிறார்கள். மருந்து ஒரே வரி: துணியை எடுத்துவிடுங்கள்.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். அந்த ஒரு வரியை யாரிடமும் சொல்லவில்லை.

டிசம்பர் 2, செவ்வாய்

பாலிடெக்னிக்கில் முதல்வர் கூட்டம். என்னைவிட ஒன்பது வயது இளையவர். நேரம் தவறாமை பற்றிப் பேசினார். தாமதமாக வந்து பேசினார்.

திரும்பும்போது ஏப்ரல் கமிட்டிக் கூட்டம் நினைவுக்கு வந்தது. வராத நாள் எது? என் பக்கம் பேச ஒருவர் இல்லை. போதகர் எபனேசர் ஐயர் மோட்டுவளையைப் பார்த்தார். பாடகர் குழு சார்பில் ஹெப்சி அந்த அறையில் இருந்தாள். "நீங்க ஏதாவது சொல்லணுமா அம்மா?" என்று கேட்டார்கள். இல்லை என்று தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டலில்தான் தீர்மானம் நிறைவேறியது.

டிசம்பர் 3, புதன்

ஒரு சோதனை செய்தேன். லேப்டாப்பைத் தலையணைமேல் வைத்து, மடித்த குளியல் துண்டால் மூடி, ஆர்கனை ஓடவிட்டேன். சிறிது நேரத்தில் ஊளை. ஃபேன் தன் உயிரைக் கொடுத்து ஓடியது. அது கத்தியதால்தான் சிப் பிழைத்தது. சத்தம் நோயல்ல, சிகிச்சை. இதை ஒரு வகுப்பில் சொல்லலாம்.

கம்பெனி கொடுத்திருக்கிற மென்பொருளிலேயே ஃபேனின் வேகத்தை நாம் குறைத்து வைக்க முடியும். எவ்வளவு சூடானாலும் அதற்கு மேல் சுற்றாது. சிப்பின் வேகத்தை மட்டும் உச்சத்தில் வைத்தால், சூட்டுக்குப் பயந்து அதுவும் அடங்கிப்போகாது.

அப்படி வைத்தேன். மறுபடி துண்டைப் போட்டு மூடினேன். கேரல் ஆராதனையில் ஒரு வேதபாடம், ஒரு பாட்டு என்று ஒன்பது வரும். போன வருடத்து வரிசைப்படி, பாடம் வாசிக்கிற நேரத்துக்குச் சும்மா விட்டு, பாட்டு நேரத்துக்கு வாசித்தேன். சத்தமே இல்லை. ஆறாவது பாட்டில் ஓசை லேசாகப் பிசிறியது. ஏழாவதில் கரகரத்தது. ஒரு சுரம் சிக்கிக்கொண்டு நின்றது. பிறகு எல்லாம் அணைந்தது.

ஒத்திகையில் இது நடக்காது. அங்கே ஒரு பாட்டுக்கு நடுவில் நான்கு தடவை பேச்சு, டீ, சண்டை. ஆற நேரம் இருக்கும்.

அவன் கேட்டது சத்தம் வரக் கூடாது என்பது. வராது.

டிசம்பர் 5, வெள்ளி

வின்பிரட் வந்து வாங்கிப் போனான். ஒரு டப்பா மக்ரூன் கொண்டுவந்தான். நான் தொடவில்லை.

போட்டுக் காட்டினேன். காதைக் கிட்டக் கொண்டுபோனான். "ஓடுதா அண்ணாச்சி?" என்றான்.

"ஓடுது."

"நெசமாவா? செத்துக்கித்துப் போச்சா?" என்று சிரித்தான். பிறகு கேட்டான்: "எதுனால கத்துச்சு?"

"தூசி."

"மைனி பின்னுன உறையப் போட்டு மூடித்தான வைக்கோம். அதுக்கப்புறமுமா தூசி?"

அவன் நேராகக் கேட்டுவிட்டான். ஹெப்சி காபித் தட்டோடு கதவருகே நின்றாள். இரண்டு பேரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"உப்புக்காத்து எங்கயும் நுழையும்" என்றேன். "மூடியே வை."

"பாத்தியளா மைனி, அண்ணாச்சியே சொல்லிட்டாவ" என்றான். ஹெப்சியின் முகம் மலர்ந்தது. அவள் பின்னிய ஒன்றைப் பற்றி நான் நல்லதாகச் சொன்னது எப்போது என்று யோசித்துப் பார்க்கிறேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

மௌன ஜெபத்தில் ஊசி விழுந்தால் கேட்கும். ஐயர் அறிவிப்பு நேரத்தில், "இன்னைக்குத்தான் நமக்கெல்லாம் ஆண்டவர் சத்தம் கேட்டுது. காரணம் நம்ம ஜெயசிங் சார்" என்றார். சிரிப்பு. நான்கைந்து பேர் வந்து கை கொடுத்தார்கள். ஏப்ரலில் கையைத் தூக்கி ஓட்டுப் போட்ட அதே கைகள்.

மத்தியானம் ஹெப்சி நண்டுக் குழம்பு வைத்திருந்தாள். பரிமாறிக்கொண்டே மெதுவாக ஆரம்பித்தாள்.

"பேஸ் குரல்ல ஆள் பத்தலையாம். நீங்க வந்து நிப்பியளான்னு வின்பிரட் தம்பி கேக்கச் சொன்னாவ."

"அவனுக்குக் கீழயா?"

"கீழ மேல என்ன இருக்கு? எல்லாரும் ஒரே படியிலதான நிக்கோம்."

நண்டின் காலை உடைத்தேன்.

"ஈஸ்டர்ல நீங்க என்னச் சொன்னத நான் அன்னைக்குச் சாயங்காலமே விட்டுட்டேன். நீங்க ஏன் இன்னும் தூக்கிச் சுமக்கிய?"

இதற்கு விளக்கம் தேவை. அன்று பெண்களின் கீழ்க்குரலான ஆல்டோ அரைச்சுரம் இறங்கியது. அது உண்மை. ஆல்டோவில் முன்வரிசையில் நின்றது ஹெப்சி. அதுவும் உண்மை. வாசிப்பதை நிறுத்திவிட்டு, "உனக்கு வீட்டுலயும் சுதி இல்ல, இங்கயும் இல்ல" என்றேன். மைக் திறந்திருந்ததும் கோயில் சிரித்ததும் என் தவறு அல்ல. வின்பிரட் ஆண்களின் டெனர் வரிசையிலிருந்து, "அண்ணாச்சி, மைனிய அப்படிப் பேசாதிய" என்றான். ஒருவன் மனைவிக்காக இன்னொருவன் பேசினான் என்று எவனாவது தீர்மானம் போட்டானா? இல்லை.

குழம்பு நன்றாக இருந்தது.

டிசம்பர் 12, வெள்ளி

மழை. பின்பக்கக் கதவு உப்பிக்கொண்டு மூட மறுக்கிறது. இழைத்தேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

கேரல் ஆராதனையின் அச்சிட்ட வரிசை கொடுத்தார்கள். போன வருடத்தைவிட ஒரு பாட்டு கூடுதல். நல்லது.

டிசம்பர் 18, வியாழன்

ஒத்திகையிலிருந்து ஹெப்சி வந்தாள். லேப்டாப் எப்படி இருக்கிறது என்று நானாகக் கேட்டேன்.

"பூனை மாதிரி சத்தமே இல்லாம இருக்கு. கொஞ்சம் சூடு ஏறுதுன்னு வின்பிரட் தம்பி சொன்னாவ."

"அது அப்படித்தான் இருக்கும்."

"நானும் அதான் சொன்னேன். எங்க வீட்டுல பாத்துக் குடுத்தது, தப்பாப் போவாதுன்னு."

டிசம்பர் 20, சனி

சாயங்காலம் ஹெப்சி அந்த உறையைத் துவைத்து இஸ்திரி போட்டுக் கொண்டுவந்து தையல் மெஷினில் உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒரு முழம் வெள்ளை காடாத் துணி.

"அது எதுக்கு?"

"நீங்கதான உப்புக்காத்து நுழையும்னிய. உள்ள இன்னொரு லைனிங் கெட்டியா வச்சிட்டா நுழையாதுல்லா."

நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். மெஷின் கொஞ்ச தூரம் ஓடி நின்றது. நூல் அறுந்துவிட்டது. அவள் நூலை நக்கி நக்கி ஊசிக் கண்ணில் குத்திப் பார்த்தாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள், இறக்கினாள்.

"இதக் கொஞ்சம் கோத்துக் குடுங்களேன். கண்ணே தெரிய மாட்டேங்கு."

எழுந்து போய்க் கோத்துக் கொடுத்தேன்.

"ஒரே குத்துல கோத்துட்டியளே" என்றாள்.

திரும்பி வந்து விடைத்தாள்களைத் திருத்தினேன். மூன்றுபேர் தேறவில்லை.

டிசம்பர் 21, ஞாயிறு

கோயில் நிறைந்திருந்தது. நான் கடைசி பெஞ்சில் நடைபாதை ஓரமாக உட்கார்ந்தேன். அங்கிருந்து வின்பிரட்டின் முகம் நன்றாகத் தெரியும். அதற்காகவே மற்றவர்களுக்கு முன்னால் போய் இடம் பிடித்தேன்.

முதல் ஐந்து பாட்டும் நன்றாகப் போயின. சொல்லப்போனால், மிக நன்றாக. ஆறாவதில் ஓசை பிசிறியது. என்னைத் தவிர யாருக்கும் தெரிந்திருக்காது. வின்பிரட் மட்டும் ஒருமுறை குனிந்து பார்த்தான். ஏழாம் பாடம் வாசித்தார்கள். பாட்டு தொடங்கியது. இரண்டாவது சரணத்தில் கரகரப்பு. பிறகு ஒரு சுரம் சிக்கி, துறைமுகத்தில் கப்பல் சங்கு ஊதுவதுபோல் நீண்டுகொண்டே போனது. குழந்தைகள் காதைப் பொத்தினார்கள். பாடியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு எல்லாம் அணைந்தது.

வின்பிரட் விசைகளை அழுத்தினான். ஒன்றும் இல்லை. பொன்னுத்துரை முன்னால் ஓடி உறையைப் பிடித்து இழுத்தார். லேப்டாப்பைத் தொட்டவர் கையை உதறிக்கொண்டார்.

"யப்பா, தோசைக்கல்லால்லா கெடக்கு. இவ்வளவு துணியப் போட்டுப் பொதிஞ்சி வச்சா வேகாம என்ன செய்யும்? எந்த புத்திசாலி பாத்த வேலை இது?"

மைக் திறந்திருந்தது.

எல்லோர் தலையும் ஆல்டோ வரிசைப் பக்கம் திரும்பியது. யார் பின்னியது என்று எல்லோருக்கும் தெரியும். ஹெப்சி பாட்டுத் தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

வின்பிரட் மைக்கில் சொன்னான்: "அது நான் போடச் சொன்னது. மைனிமேல ஒரு தப்பும் இல்ல. மிச்சப் பாட்டை மியூசிக் இல்லாம பாடுவோம்."

பாடினார்கள். ஒரு சுரம் முழுதாக இறங்கிப்போய் முடித்தார்கள்.

நான் பார்க்க வந்தது வின்பிரட்டின் முகம். அந்த நேரத்தில் அது எப்படி இருந்தது என்று என்னால் எழுத முடியவில்லை. அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

டிசம்பர் 22, திங்கள்

வின்பிரட் லேப்டாப்பைக் கொண்டுவந்தான். ஆறிய பிறகு மறுபடி எழுந்துவிட்டது. "ஒருவாட்டி பாத்துருங்க அண்ணாச்சி. நான் கொயர் பொறுப்ப விட்டுட்டேன். ஐயர்ட்ட சொல்லியாச்சு. அடுத்து வாரவியளுக்காவது ஒழுங்கா இருக்கட்டும்" என்றான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மைனி அழுதாவளா?" என்றான்.

"இல்லை."

"பொன்னுத்துரை அண்ணன் வாய் அப்படி. நான் அவிய வீட்டுக்கே போய்ச் சத்தம் போட்டுட்டு வந்தேன். மைனிட்ட ஒரு வார்த்தை சொல்லலாம்னு பாத்தேன்."

ஹெப்சி மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனான்.

ஃபேனின் வேகத்தைப் பழையபடி மாற்றி வைத்தேன். சிப்பின் வேகத்தையும். இனி யார் திறந்து பார்த்தாலும் ஒன்றும் தெரியாது.

டிசம்பர் 23, செவ்வாய்

எபனேசர் ஐயரும் பொன்னுத்துரையும் வந்தார்கள். கிறிஸ்துமஸ் காலை ஆராதனையை நடத்தித் தர வேண்டும், பிறகும் நானே தொடர வேண்டும் என்றார்கள். ஏப்ரலில் செய்தது போலவே, ஐயர் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு பேசினார். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, அவர்கள் கேட்டைத் தாண்டுவதற்குள் சரி என்றேன்.

டிசம்பர் 24, புதன்

ஹெப்சி முந்திரிக்கொத்து பொரித்துக்கொண்டிருந்தாள். நான் அடுக்களை வாசலில் உட்கார்ந்து பாட்டுகளை வரிசைப்படுத்தினேன். அவள் திரும்பாமலே பேசினாள்.

"அன்னைக்கு வின்பிரட் தம்பி கேட்டாவல்லா, துணி போட்டு மூடித்தான வைக்கோம்னு."

"ஆமா."

"மூடியே வைன்னிய."

"உப்புக்காத்துக்குச் சொன்னேன்."

"முப்பது வருசமா பிள்ளைகளுக்கு இதத்தான பாடம் எடுக்கிய. எது சூடாவும், எது காத்து இல்லாம செத்துப்போவும்னு."

நான் எண்ணெய் காய்கிறது என்றேன். அடுப்பைக் குறைத்தாள்.

"நான் லைனிங் தைக்கும்போது பக்கத்துலதான் இருந்திய."

பாட்டுத் தாள்களைத் தட்டி அடுக்கினேன். வேலைக்கு நடுவில் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியதில்லை.

கடைசி ஈட்டை எடுத்து வடிதட்டில் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். "யார்ட்டயாவது சொல்லிருவேனோன்னு யோசிக்காதிய. சொல்ல மாட்டேன். துணிதான் காரணம்னு ஊரு பேசுது, பேசிட்டுப் போவட்டும்."

எனக்கு யோசனை ஒன்றும் இல்லை என்றேன். அவள் அதற்குள் கைகழுவப் போய்விட்டாள்.

டிசம்பர் 25, வியாழன்

எட்டு மாதத்துக்குப் பிறகு என் இடத்தில் நின்றேன். லேப்டாப் வேண்டாம் என்று சாதாரண கீபோர்டை வைத்துக்கொண்டேன். கையைத் தூக்கியதும் முழுக் குழுவும் மூச்சிழுத்தது. அந்த ஓசைக்காகத்தான் எட்டு மாதம் காத்திருந்தேன்.

வின்பிரட் வரமாட்டான் என்று நினைத்தேன். வந்தான். டெனர் வரிசையில் ஓரமாக நின்று, "அண்ணாச்சி, ரெண்டாவது பாட்டு மெதுவா, வேகமா?" என்று கேட்டான். அவனிடம் சொல்லவென்று பல மாதமாகச் சேர்த்து வைத்திருந்த வாக்கியங்கள் உண்டு. "மெதுவா" என்றேன்.

ஹெப்சி குழுவில் நிற்கவில்லை. பெண்கள் பக்கம், வின்பிரட்டின் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சபையார் எல்லோரும் எழுந்து நின்று பாடுகிற பாட்டில் அவளும் எழுந்து நின்றாள். புத்தகம் திறந்திருந்தது. வாய் திறக்கவில்லை.

ஆல்டோ மெலிந்திருந்தது.

டிசம்பர் 28, ஞாயிறு

ஆராதனை முடிவில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்தியது வின்பிரட். தடிமனான பச்சை நிறச் சால்வை. பொன்னுத்துரை பேசினார், ஐயர் பேசினார், பிறகு யாரோ பேசினார். டிசம்பரிலும் வேர்த்து வழிந்தது. அவர்கள் முடிக்கும்வரை எடுக்காமல் நின்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். ஹெப்சியும் தட்டினாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது கேட்டேன்.

"ஜனவரியிலருந்து வருவியா?"

"எங்க?"

"ஆல்டோவுக்கு."

கோயில் பிள்ளைகள் சைக்கிளில் எங்களைத் தாண்டிப் போனார்கள், "ஹேப்பி நியூ இயர் சார்" என்றார்கள். இன்னும் மூன்று நாள் இருக்கிறது என்றேன்.

"வருவேன்" என்றாள் பிறகு. "மைக் இப்ப உங்க கையிலதான இருக்கு. 'லேப்டாப் நின்னது துணியினால இல்ல, என்னால'ன்னு ஒரே ஒருவாட்டி அதுல சொல்லுங்க. அந்தப் பாட்டு முடியறதுக்குள்ள வந்து நின்னுருதேன்."

"ஊரே சிரிக்கும்."

"ஆமா. சிரிக்கும்" என்றாள். "என்னப் பாத்துச் சிரிச்சத ரெண்டுவாட்டி கேட்டிருக்கேன். ஒண்ணும் ஆவாது."

வீடு வந்துவிட்டது. பூட்டைத் திறந்தேன்.

டிசம்பர் 29, திங்கள்

ஆல்டோவுக்கு இரண்டு பெண்களைத் தரும்படி பக்கத்துச் சேகரத்தில் போனில் கேட்டேன். அனுப்புகிறோம் என்றார்கள். குரல் சுமார்தானாம். ஆனால் சொன்னதைக் கேட்பார்களாம்.